சீட்டுப் பணம் 2 லட்சம் வந்திருக்கு: டிவிடெண்ட் பங்கு வாங்கறதா, கடனைக் கட்டறதா?

பனியன்ஊரான் (திருப்பூர்), செப்டம்பர் 2025

வணக்கமுங்க. மூணு மாசமா இங்க எல்லாரும் எழுதறதைப் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இப்ப கையில ஒரு தொகை வந்து நிக்குது. பத்து நாளைக்குள்ள முடிவு எடுத்தாகணும், அதான் கேக்கறேன்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசர். வயசு 36. பிடித்தமெல்லாம் போக மாசம் 52,000 கைக்கு வருது. வீட்டம்மா வீட்டுலயே ஓவர்லாக் மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கறாங்க, சீசனைப் பொறுத்து 7,000, 8,000 வரும். பையன் நாலாவது, பொண்ணு யூகேஜி.

கடன் மூணு இருக்கு.

வீட்டுக் கடன்: 2021ல 20 லட்சம், 20 வருஷத்துக்கு, 7 சதவீத வட்டியில வாங்கினது. தவணை 15,506. ஆகஸ்ட் 2021ல இருந்து 50 தவணை, ஒண்ணுகூட தவறலை. மொத்தம் 7,75,300 ரூபாய் கட்டியிருக்கேன். போன வாரம் பேங்க்ல ஸ்டேட்மெண்ட் எடுத்தேன். அசல் பாக்கி 19,34,000னு போட்டிருக்கு. நாலு வருஷத்துக்கு மேல கட்டியும் 66,000தான் குறைஞ்சிருக்கு. கவுண்டர் பக்கத்துலயே நின்னு மூணு தடவை படிச்சேன். 2023 ஏப்ரல்ல வட்டி 15,389, அசல் 117. அடுத்த மாசம் அசல் 118. அதுக்கடுத்து 119. ரெண்டு வருஷத்துக்கு அப்படியே போகுது. அந்தத் தாளை மடிச்சு பைக்குள்ள வெச்சிருக்கேன், வீட்டம்மாகிட்ட இன்னும் காட்டலை.

நகைக் கடன்: ஒரு தனியார் நகைக்கடன் கடையில 2023ல வெச்சது. ரெண்டு ரசீது. 4 பவுன் ஆரம் 1 லட்சத்துக்கு, 2 பவுன் வளையல் 50,000க்கு. மாசம் ஒன்றரை வட்டி. 2,250 வட்டி மட்டும் கட்டி, வருஷா வருஷம் மாத்தி வெச்சுட்டு வர்றோம்.

கிரெடிட் கார்டு: அப்பாவோட மூட்டு ஆபரேஷனுக்குத் தேய்ச்சது. 86,000 நிக்குது. மாசா மாசம் குறைந்தபட்சத் தொகை 4,300 கட்டறேன்.

இப்ப ஏலச்சீட்டு முடிஞ்சு 2 லட்சம் கைக்கு வந்திருக்கு. ஆபீஸ்ல ஒரு நண்பர் ஆப்ல காட்டினாரு, அரசோட நிலக்கரிக் கம்பெனி கோல் இந்தியா மாதிரி பங்குல 7 சதவீதம் டிவிடெண்டே (கம்பெனி லாபத்துல பங்குக்காரங்களுக்குப் பிரிச்சுத் தர்ற பணம்) வருதாம். இந்த 2 லட்சத்தையும் அதுல போட்டுட்டா, வர்ற டிவிடெண்ட்லயே நகை வட்டியைக் கட்டிரலாம், அசல் பங்காவே நிக்கும்ங்கறது என் எண்ணம். எங்கப்பா காலம் பூரா வட்டி கட்டியே ஓய்ஞ்சவர். சம்பளம் இல்லாம வேற ஒரு காசு என் கணக்குல வந்து விழறதை ஒரு தடவையாவது பாக்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது.

அமெரிக்க வரி 50 சதவீதம்னு ஆனதுல இருந்து எங்க கம்பெனியில ரெண்டு ஆர்டர் அப்படியே நிக்குது. அந்தப் பயமும் சேர்ந்திருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழுப்புநிலக்கரி (நெய்வேலி)

தம்பி, வணக்கம். நான் சுரங்கத்தில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பங்குச் சந்தையில் 2002இலிருந்து இருக்கிறேன். டிவிடெண்ட் பணத்தில்தான் இன்றைக்கு எங்கள் வீட்டு மளிகையும் மருந்தும் நடக்கின்றன. அதனால் நான் டிவிடெண்டுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் இந்த 2 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இப்போது பங்குக்குப் போகக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். கோல் இந்தியா இன்று 390 ரூபாய் அளவில் இருக்கிறது. 2 லட்சத்துக்கு 512 பங்கு கிடைக்கும். 2024-25க்கு அவர்கள் கொடுத்தது பங்குக்கு மொத்தம் 26.50. ஆக ஆண்டுக்கு 13,568. மாதத்துக்கு 1,130 ரூபாய். உங்கள் நகை வட்டியில் இது சரிபாதி.

இப்போது கார்டைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம் அளவில் இருக்கும். 86,000க்கு 3,010. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 542. மொத்தம் 3,552. நீங்கள் கட்டும் 4,300இல் கடன் குறைவது 750 ரூபாய்க்குள்தான். ஆண்டுக் கணக்கில் 42 சதவீதம், வரியும் சேர்த்தால் 49ஐத் தாண்டும். 86,000ஐக் கட்டி கார்டை மூடினால் மாதம் 3,552 மிச்சம். 2 லட்சம் போட்டு 1,130 வாங்குவதைவிட, அதில் பாதிக்கும் குறைவான பணத்தில் மூன்று மடங்கு. இதற்குச் சந்தை ஏறவும் வேண்டாம், இறங்காமல் இருக்கவும் வேண்டாம்.

அந்த 7 சதவீதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். அது போன ஆண்டு கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்து வரும் எண். அடுத்த ஆண்டும் அதே தொகை வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கோல் இந்தியாவே 2015இல் 400க்கு மேல் போன பங்கு. 2020இல் 150க்கும் கீழே கிடைத்தது. 2019-20க்கு வந்த டிவிடெண்ட் 12 ரூபாய். அதை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டு பொறுத்திருக்க முடிந்தவர்களுக்குப் பிறகு நல்லதே நடந்தது. நகையை அடகில் வைத்துக்கொண்டு இருப்பவரால் அந்த ஐந்து ஆண்டைத் தாண்ட முடியாது. நடுவில் ஏதாவது ஒரு செலவு வந்து 150க்கு விற்க வைத்துவிடும்.

வேதாந்தா என்ற தனியார் சுரங்க நிறுவனத்தையும் பாருங்கள். 2022-23இல் பங்குக்கு 101.50 கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 29.50. முதல் எண்ணைப் பார்த்து வாங்கியவர் என்ன கணக்குப் போட்டிருப்பார், என்ன வந்தது என்று யோசியுங்கள். கோல் இந்தியா போன்ற அரசு நிறுவனங்கள் நிறைய டிவிடெண்ட் கொடுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பங்கு அரசிடம். நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிச்சம்) 4 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுத்தாக வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. கொடுக்கும் அன்று பங்கின் விலையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். கிணற்றிலிருந்து ஒரு குடம் எடுத்தால் கிணற்றில் ஒரு குடம் குறையும். ஊற்று நன்றாக இருக்கும் கிணறா என்பதுதான் விஷயம்.

எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன். 2012இல் 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன், 15 சதவீதம். கட்டுமானத் துறை நிறுவனம் ஒன்று, அப்போது 9 சதவீதம் டிவிடெண்ட் காட்டிக்கொண்டிருந்தது. மொத்தத்தையும் அதில் போட்டேன். அடுத்த ஆண்டே டிவிடெண்டை நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே அவர்களிடம் பணம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். கடன் தவணை 7,137, அறுபது மாதம். இல்லாத பங்குக்கு நான்கு ஆண்டு தவணை கட்டினேன். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த நாட்களில் மைத்துனரிடம் போய் நின்றேன். அந்த வாசலில் நின்றது இன்னும் மறக்கவில்லை.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா. 2002இல் ஐடிசி 20 பங்கு வாங்கினேன். மொத்தம் 13 ஆயிரம் சொச்சம். 2005இல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள், 200 ஆனது. அதே ஆண்டு இரண்டு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக, அதாவது போனஸாகக் கொடுத்தார்கள், 300. 2010இல் ஒன்றுக்கு ஒன்று, 600. 2016இல் இரண்டுக்கு ஒன்று, 900. இந்த 2025 ஜனவரியில் ஐடிசி ஹோட்டல்ஸ் பிரிந்தபோது அதில் 90 பங்கு தனியாக வந்தது. 2024-25க்கு ஐடிசி கொடுத்த டிவிடெண்ட் 14.35. 900க்கு 12,915 ரூபாய். அன்று நான் போட்ட பணம் ஏறக்குறைய முழுதாக ஒவ்வோர் ஆண்டும் வந்து சேர்கிறது.

தொடக்கத்தில் டிவிடெண்ட் வாரண்ட், காசோலை மாதிரி, தபாலில் வரும். ஓரத்தில் துளை போட்ட தாள், கிழித்து வங்கியில் போட வேண்டும். முதல் வாரண்டை என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நீள நோட்டில் தேதி, நிறுவனம், பங்கின் எண்ணிக்கை, தொகை என்று கோடு போட்டு எழுதி வருகிறேன். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது தம்பி. அது நல்ல ஆசை. ஆனால் இது 23 ஆண்டு கதை. அதே 2002இல் வாங்கிய இன்னொரு நிறுவனம் இன்றைக்குச் சந்தையிலேயே இல்லை. ஐடிசியிலும் 2017இல் 350 தாண்டிய விலை 2020 மார்ச்சில் 150க்குக் கீழே போனது. என் மேல் கடன் இல்லாததால்தான் அன்று விற்காமல் இருந்தேன்.

வீட்டுக் கடனுக்கு வருகிறேன். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. உங்கள் கடன் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்தது. 2021இல் ரெப்போ 4 சதவீதம், உங்கள் வட்டி 7. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. உங்கள் வட்டியும் 9.50. தவணையை ஏற்றாமல் வங்கி காலத்தை நீட்டிவிட்டது. அதனால்தான் 15,506இல் அசல் 117. இந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து ரெப்போ 5.50க்கு இறங்கியிருக்கிறது. இப்போது உங்களுக்கு 8.50 வர வேண்டும், சரிபாருங்கள். அப்படி இருந்தும் இதே தவணையில் போனால் இன்னும் 305 மாதம். அதாவது 25 ஆண்டுக்கு மேல். உங்களுக்கு 61 வயது ஆகியிருக்கும்.

தவணையோடு மாதம் 2,000 மட்டும் கூட்டிக் கட்டுங்கள். 216 மாதத்தில் முடிகிறது. ஏழு ஆண்டுக்கு மேல் குறைகிறது. கடைசிவரை கட்டும் மொத்தத் தொகையில் 9 லட்சத்துக்கு மேல் மிச்சம். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டுங்கள் தம்பி.

அகிலா (கோவை)

ஐயா சொன்ன கணக்குல எனக்கு ஒரு மறுப்பும் இல்லைங்க. ஆனா தவணையை ஏத்தி எழுதிக் கொடுக்கறதுல மட்டும் நான் வேற மாதிரி நினைக்கறேன். அதுக்கு முன்னாடி நகை.

நான் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு எழுதறவ. எங்க வீட்டுலயும் மூணு வருஷம் நகை அடகுல கிடந்துச்சு. வட்டி கட்டற தேதி தள்ளிப்போச்சுன்னு ஏல நோட்டீஸ் வந்துச்சு ஒரு தடவை. பச்சைக் கலர் தபால் அட்டையில கையெழுத்து போட்டு வாங்கினது எங்க மாமியார். அன்னிக்கு அவங்க சாப்பிடலை. நகையை மீட்டப்போ கவுண்டர்ல துணிப்பையைப் பிரிச்சு, நூல் கட்டி எண் போட்ட அட்டையோட தூக்கி வெச்சாங்க. தராசுல போட்டுக் காட்டுனாங்க. எடை சரியா இருந்துச்சு. நான் எடையைப் பாக்கலை, சங்கிலியில ஒரு கண்ணி மட்டும் கொஞ்சம் நசுங்கி இருக்கும், அது இருக்கான்னுதான் தடவிப் பாத்தேன்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, ரசீது ரெண்டா இருக்கு. 86,000 கார்டுக்கு. 1,00,000 கட்டி 4 பவுன் ஆரத்தை முழுசா வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க. மிச்சம் 14,000. அதைத் தொடாதீங்க, பேங்க்லயே கிடக்கட்டும். ரெண்டு ரசீதுக்கும் பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சம் கட்டாதீங்க. அப்படிக் கட்டினா ரெண்டு நகையும் கடையிலயே இருக்கும்.

இப்ப பாருங்க. கார்டுக்குக் கட்டின 4,300 நின்னுபோச்சு. ஆரத்தோட வட்டி 1,500 நின்னுபோச்சு. மாசம் 5,800 கையில நிக்குது. வளையலுக்குக் கட்டற 750ஐயும் சேத்தா 6,550. அதை அப்படியே வளையல் ரசீதுல கட்டுங்க. எட்டு மாசத்துல வளையலும் வந்துரும். தீபாவளி போனஸ் வந்தா இன்னும் சீக்கிரம். அந்தக் கடையில நடுவுல அசல் வாங்க மாட்டோம்னு சொன்னாங்கன்னா, அந்த 50,000ஐ ஏதாவது பேங்க்ல மாத்தி வையுங்க. பேங்க்ல நகைக் கடன் 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்குது. நீங்க கட்டறது 18.

ஏன் நகையை முதல்ல சொல்றேன்னா, நீங்களே எழுதியிருக்கீங்க, ஆர்டர் நிக்குதுன்னு. எங்க சொந்தத்துலயும் அவிநாசி பக்கம் ரெண்டு பேர் இதே பயத்துல இருக்காங்க. வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுல உடனே பணமா மாறக்கூடியது அந்த ஆரம்தான். பவுன் 75 ஆயிரத்தைத் தாண்டி நிக்குது. வீட்டுல இருந்தா ஒரு மணி நேரத்துல பேங்க்ல வெச்சுப் பணம் வாங்கலாம். கடையில இருந்தா அது உங்களுக்கு உதவாது. கடன் இல்லாத நகைதான் நம்ம மாதிரி வீடுகளுக்கு அவசர நிதி.

அதனாலதான் வீட்டுக் கடன் தவணையை 17,506ன்னு ஏத்தி எழுதிக் கொடுக்க இப்ப வேண்டாம்னு சொல்றேன். ஏத்திட்டா அது கட்டாயம் ஆயிடும். ஒரு மாசம் சம்பளம் வரலைன்னா தவணை திரும்பும், அபராதம் விழும், சிபில்ங்கற கடன் மதிப்பெண்ணும் கெடும். தவணை 15,506லயே இருக்கட்டும். கையில இருக்கற மாசம் 2,000மோ 3,000மோ அசலுக்குன்னு தனியாக் கட்டுங்க. மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினா பேங்க் அபராதம் போடக் கூடாது, அது ரொம்ப வருஷமா இருக்கற விதி. பலன் ஒண்ணுதான். முடியாத மாசம் நிறுத்திக்கலாம். ஆனா கட்டினப்புறம் "அசலில் வரவு, காலம் குறைக்கவும்"னு எழுதிக் கொடுத்து ஸ்டேட்மெண்ட்ல வந்திருக்கான்னு பாருங்க. எங்களுக்கு ஒரு தடவை வர்ற தவணைக்கு முன்பணம்னு வரவு வெச்சுட்டாங்க, மூணு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

இன்னொண்ணும் கேட்டுப் பாருங்க. உங்களுக்கு ரெப்போவுக்கு மேல 3 சதவீதம் வெச்சிருக்காங்க. அதே பேங்க்ல இப்ப புதுசா வர்றவங்களுக்கு எவ்வளவுன்னு விசாரிங்க. குறைவா இருந்தா, ஒரு கட்டணம் கட்டி மாத்திக்க முடியுமான்னு கேளுங்க. அரை சதவீதம் குறைஞ்சாலும் 19 லட்சத்துல வருஷத்துக்கு 9,500 ரூபாய்ங்க. நண்பர் காட்டின அந்தப் பங்குல இந்த 9,500 வரணும்னா ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல போடணும்.

கணக்கர் (மதுரை)

வரி பற்றி யாரும் எழுதவில்லை, அதை மட்டும் சேர்க்கிறேன். பிறகு பங்கு வாங்கும்போது உதவும்.

2020 மார்ச் வரை டிவிடெண்டுக்கான வரியை நிறுவனமே கட்டியது. 2020 ஏப்ரலிலிருந்து அது நம் வருமானத்தோடு சேர்ந்து நம் வரம்பின்படி வரிக்கு வருகிறது. ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் ஆண்டில் 10,000க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்த வரம்பு 2025 மார்ச் வரை 5,000ஆக இருந்தது. மேலே சொன்ன 13,568 வந்திருந்தால் 1,357 பிடித்திருப்பார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் உங்களுக்கு வரி வராது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மனைவி பேரில் வாங்கினால் வரி குறையும் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் அவர் வாங்கினால் அந்த டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவர் தைத்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கினால் அது அவருடையது.

டிவிடெண்ட் அறிவித்த பிறகு ஓடிப்போய் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2023 ஜனவரியிலிருந்து வாங்கிய மறுநாளே பங்கு கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆகவே பதிவுத் தேதிக்கு (யாருக்கெல்லாம் டிவிடெண்ட் என்று நிறுவனம் பட்டியல் எடுக்கும் நாள்) முந்தைய வேலை நாளுக்குள்ளாவது வாங்கியிருக்க வேண்டும். பதிவுத் தேதி அன்றே வாங்கினால் கிடைக்காது. அப்படிக் கடைசி நேரத்தில் வாங்குவதில் லாபமும் இல்லை. விலை அதற்கேற்ப இறங்கும், வந்த தொகைக்கு வரியும் உண்டு.

பழைய பங்குப் பத்திரம் வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டால், டிவிடெண்ட் மட்டுமில்லை, பங்கே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல். வங்கிக் கணக்கு எண்ணையும் வாரிசுதாரரையும் இன்றைக்கே சரிபார்த்து வையுங்கள்.

பழுப்புநிலக்கரி (நெய்வேலி)

கணக்கர் கடைசியில் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. என் அண்ணன் இறந்தபின் அவர் பெட்டியில் பத்திரங்கள் இருந்தன, பழைய வங்கிக் கணக்கு மூடியிருந்தது. அண்ணிக்கு அவற்றை மீட்டுக் கொடுக்க 14 மாதம் ஆனது.

அகிலா அம்மா, தவணையை ஏற்ற வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. மாதா மாதம் சம்பளம் உறுதியாக வந்த அரசு நிறுவனத்தில் இருந்தவன் நான். ஆர்டர் நின்றால் சம்பளம் நிற்கும் வேலையின் பயம் என் கணக்கில் வரவில்லை. தம்பி, அவர் சொன்னபடியே தனியாகக் கட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்பேன். மாதம் 400 ரூபாய் ஒதுக்கி, நல்ல நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு வாங்கினால் என்ன? பழக்கம் வரட்டும், முதல் டிவிடெண்டை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அகிலா (கோவை)

வளையல் வர்ற வரைக்கும் வேண்டாம் ஐயா. 18 சதவீதம் கட்டிட்டு இருக்கறப்போ 400 ரூபாய்னாலும் அது வளையலோட காசு. எட்டு மாசம்தானே. அது முடிஞ்சதும் நீங்களே சொல்லிக் குடுங்க, நானும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்.

பனியன்ஊரான் (திருப்பூர்)

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மதுரை சாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் ஆச்சு. செஞ்சதை எழுதறேன்.

அன்னிக்கு ராத்திரியே ஸ்டேட்மெண்டை வீட்டுல காட்டினேன். வீட்டம்மா மெஷின் விளக்கு வெளிச்சத்துல அந்த 117, 118 வரிசையை விரல் வெச்சுக் கீழ வரைக்கும் படிச்சாங்க. கோவப்படலை. "இத்தனை நாள் தனியா வெச்சிருந்தீங்களா"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து நீங்க எழுதின எல்லாத்தையும் முதல்ல இருந்து படிச்சோம்.

கார்டை முழுசாக் கட்டி மூடியாச்சு. 86,000ன்னு நினைச்சேன், அந்த மாச வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 88,700 சொச்சம் வந்துச்சு. பாக்கி இல்லைன்னு கடிதம் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். ஆரத்தை மீட்டுட்டோம். கடையில அதை வெளிய எடுத்து வெச்சப்போ வீட்டம்மா கழுத்துல போட்டுக்கலை, பொண்ணு கழுத்துல போட்டு ஒரு நிமிசம் பாத்துட்டு டப்பாவுல வெச்சாங்க. மிச்சம் 11,000க்கு மேல பேங்க்ல கிடக்குது.

வளையல் ரசீதுல நடுவுல அசல் வாங்கறோம்னு சொல்லிட்டாங்க. முதல் தடவை 6,550 கட்டியாச்சு. அசல் 44,200.

பேங்க் மேனேஜர்கிட்ட ரெண்டு தாள் கேட்டு வாங்கினேன். ஒண்ணு இப்ப போற மாதிரியே போனா, இன்னொண்ணு மாசம் 2,000 சேத்துக் கட்டினா. ஒண்ணுல கடைசித் தவணை 2051ல வருது, இன்னொண்ணுல 2043. ரெண்டையும் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கோம். ரெப்போவுக்கு மேல போட்டிருக்கற அந்த 3 சதவீதத்தைக் குறைக்க விண்ணப்பம் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரலை.

கம்பெனியில ஒரு ஆர்டர் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க, இன்னொண்ணு நிக்குது. பங்கு எதுவும் வாங்கலைங்க ஐயா, வளையல் வந்ததும் கேக்கறேன். நீள நோட்டு ஒண்ணு வாங்கியாச்சு. அதுல முதல் பக்கத்துல இப்போதைக்கு வளையல் ரசீதோட அசலைத்தான் எழுதிட்டு வர்றோம், தேதி போட்டு.